ஏற்காட்டுக் காபிக்கு ஏன் பேர் இல்லை?

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: “ஏற்காட்டில் திரும்பின பக்கமெல்லாம் காபித் தோட்டம்தான். ஆனால் சேலத்தில் காபித்தூள் கடையில் போய் நின்றால் சிக்மகளூர், குடகு என்றுதான் பேசுகிறார்கள். ஏற்காட்டில் விளைவது எங்கே போகிறது? மலையில் இருப்பவர்களுக்கு அதில் ஏதாவது மிஞ்சுகிறதா?”

சேலத்துக்காரர்கள் எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைத் தோட்டங்களில் கணக்கு எழுதிப் பல வருஷம் கழித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். காபியில் குறை ஒன்றும் இல்லை. பழம் செடியை விட்டு இறங்கி ஒன்றிரண்டு நாளிலேயே அது யார் தோட்டத்துப் பழம், எந்த ஊர்ப் பழம் என்ற அடையாளம் கலைந்துவிடுகிறது. அடையாளம் இல்லாத சரக்குக்குப் பேர் எப்படி வரும்? ஏன் கலைகிறது என்பதற்குத்தான் மலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட உயரத்தில் இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு 1,600 மீட்டரைத் தாண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால், மேலே கூர்மையான சிகரம் எதுவும் இல்லை. மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கிற பீடபூமி. ஓரம் செங்குத்து, நடுவில் சரிவு குறைவான நிலம். காபி நட ஏற்ற அமைப்பு இது. அடியில் இருப்பது சார்னோகைட் பாறை. அதன் மேல் காலங்காலமாக மழையும் வெயிலும் அரித்துச் சிவந்த செம்புரை மண். உச்சி மேடுகளில் அந்த மண்ணிலேயே பாக்சைட் கிடக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்து பாக்சைட் வெட்டி லாரியில் இறக்கிய காலம் ஒன்று உண்டு.

மலையில் பெய்கிற மழை ஒரே பக்கம் இறங்குவதில்லை. சேலம் நகரத்துக்குள் ஓடுகிற திருமணிமுத்தாறு, ஓமலூர் வழியாகப் போகும் சரபங்கா, தர்மபுரி மாவட்டத்துக்குப் பாயும் வாணியாறு மூன்றுக்கும் பிறப்பிடம் இந்த மலைதான். அதனால் மேலே மரம் நிற்கிறதா, விழுகிறதா என்பது தோட்டக்காரர் பாடு மட்டும் இல்லை, கீழே கிணறு வைத்திருக்கிற எல்லார் பாடும்தான்.

இந்த மலைக்குக் காபி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் தன்னுடைய கிரேஞ்ச் தோட்டத்தில் வைத்துப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. அதாவது இங்கே காபிக்கு 200 வருஷ வயது. இந்தியாவின் பழைய காபி மலைகளின் வரிசையில் சேர்வராயனை விட்டுவிட முடியாது. காபி வாரியம் பட்டியலிடும் காபி வட்டாரங்களிலும் இதற்குத் தனி இடம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் பேர் இல்லை.

சரி, மழைக்கு வருவோம். இங்கே எல்லாம் மழையில்தான் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் பிறந்ததும் கொட்டுகிற மழையின் முழு வேகம் நமக்கு வராது. நமக்குத் தென்மேற்கில் கொஞ்சம், ஆவணி புரட்டாசி இடிமழை கொஞ்சம், அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. எல்லாம் சேர்த்து நல்ல வருஷத்தில் 1,500 மி.மீ. சுற்றி வரும். இங்கே வைத்திருக்கும் அராபிகா வகைக் காபிக்கு இது போதும். ஆனால் தாராளம் இல்லை. ஒரு மழை தவறினாலும் கணக்கு மாறிவிடும்.

தை மாசி வறட்சியில் காபிச் செடி மொட்டை வைத்துக்கொண்டு உறங்கும். பங்குனி, சித்திரையில் ஓர் அங்குலம் ஒன்றரை அங்குல மழை ஒரே மூச்சில் பெய்ய வேண்டும். பெய்தால் எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் அந்த நாளில் காலையில் நடந்து போனால் மல்லிகை மாதிரி வாசனை ஆளைத் தூக்கும். பூ இரண்டு மூன்று நாள்தான். அந்த நாளிலேயே மழை அடித்தால் மகரந்தம் கெட்டுப்போகும். பூ உதிர்ந்த பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. முதல் மழை தூறலோடு நின்றுவிட்டால் இன்னும் மோசம்: பாதி மொட்டு விழிக்கும், பாதி விழிக்காது, பூ தவணை தவணையாக வரும். பழமும் அப்படியே தவணையில் பழுக்கும். தண்ணீர் வசதி உள்ள பெரிய தோட்டக்காரர் ஸ்பிரிங்ளர் போட்டுச் சமாளிப்பார். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் வானத்தைப் பார்ப்பார்.

பறிப்பு கார்த்திகையில் சூடு பிடித்து தை மாசி வரை போகும். குடகிலும் சிக்மகளூரிலும் அந்த மாதங்கள் பெரும்பாலும் வெயில். நமக்கோ வடகிழக்குப் பருவமழை பறிப்பின் முன்பாதியில் குறுக்கே நிற்கிறது. நன்றாகப் பழுத்த பழத்தின் மேல் இரண்டு நாள் மழை நின்றால் தோல் வெடிக்கும், காம்பு விட்டு உதிரும். பறித்ததைக் காய வைக்கக் களத்தில் வெயில் இருக்காது. நல்ல விளைச்சல் வந்தும் தரம் கெட்ட வருஷங்களுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த மழைதான்.

பேர் தொலைகிற இடமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காபிப் பழத்தைக் கொட்டையாக்க இரண்டு வழி. பழத்தைப் பறித்த அன்றே பல்பர் என்ற இயந்திரத்தில் விட்டுத் தோலை உரிப்பது ஒன்று. உரித்த கொட்டையின் மேல் வழுவழுவென்று ஒரு பசை இருக்கும். தொட்டியில் போட்டு ஒரு நாள், குளிர் அதிகமானால் ஒன்றரை நாள் புளிக்க விட வேண்டும். பசை விட்டதா என்று பார்க்கக் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி அழுத்துவார்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. சரசரவென்று உரசினால் ஆகிவிட்டது. உடனே கழுவ வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் புளிப்பு வாடை கொட்டைக்குள் இறங்கிவிடும், வறுத்தாலும் போகாது. கழுவிய பிறகு களத்தில் மெல்லியதாகப் பரப்பி, கிளறிக் கிளறி, ஈரப்பதம் பத்து சதவீத அளவுக்கு வரும்வரை காய வைப்பார்கள். இதுதான் பார்ச்மென்ட். இரண்டாவது வழி, பழத்தை அப்படியே தோலோடு காயப் போடுவது. அதற்குச் செர்ரி என்று பேர். வேலை குறைவு, தண்ணீர் வேண்டாம், விலையும் குறைவு.

பார்ச்மென்ட்டுக்குப் பல்பர் வேண்டும், தொட்டி வேண்டும், நிறையத் தண்ணீர் வேண்டும், சிமென்ட் களம் வேண்டும். யாரிடம் இது இருக்கிறது? பெரிய எஸ்டேட்டுகளிடம் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் காபி வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 99 பேர் சிறு விவசாயிகள். சேர்வராயன் மலையிலும் அப்படித்தான். மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் ராகியும் விதைத்த நிலத்தின் ஒரு பங்கில் இன்று காபியும் மிளகும் நிற்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவர் வழி வந்தவர்கள் தாங்கள், நடுவர் பச்சைமலைக்கும் இளையவர் கொல்லிமலைக்கும் போனார்கள் என்று அவர்கள் சொல்லும் வரலாறு உண்டு. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை முழுவதும் திரள்வதும் அவர்கள்தான். சட்டமன்றத்துக்கு ஏற்காடு பழங்குடியினர் தொகுதி. ஆனால் காபிப் பேச்சு எடுத்தால் எல்லாரும் வெள்ளைக்காரத் துரை பங்களாவைத்தான் படம் எடுக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள் தம்பி. இந்தியாவில் அராபிகாவின் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு 400 கிலோ சொச்சம். ஏக்கருக்கு 170 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று ஏக்கர்காரருக்கு 500 கிலோ கொட்டை, அதாவது 50 கிலோ மூட்டையில் 10 மூட்டை. ஒரு கிலோ கொட்டைக்கு ஏறத்தாழ ஆறு கிலோ பழம் வேண்டும். ஆக மொத்தம் மூன்று டன் பழம். அதுவும் ஒரே நாளில் வராது. பச்சையையும் பழத்தையும் சேர்த்து உருவாமல் பழுத்ததை மட்டும் எடுப்பதானால் மூன்று நாலு சுற்றுப் பறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 100 கிலோ பழத்துக்காக யார் பல்பரும் தொட்டியும் கட்டுவார்கள்? அவர் என்ன செய்வார்? சாயங்காலம் மூட்டையைக் கட்டி ரோட்டோரம் எடை போடும் வியாபாரியிடம் பழமாகவே கொடுத்துவிடுவார். அன்றைக்கே கையில் காசு. அல்லது வீட்டு வாசலில் படங்கு விரித்துச் செர்ரியாகக் காய வைப்பார். வியாபாரியின் லாரியில் 20 வீட்டுப் பழம் ஒரே குவியலாகச் சேரும். அதில் கண்ணும் கருத்துமாகப் பழுத்ததை மட்டும் பறித்தவர் பழமும் இருக்கும், மழைக்குப் பயந்து கிளையோடு உருவினவர் பழமும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை. அடுத்த வருஷம் முதல் ஆளும் உருவத்தான் ஆரம்பிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

அப்புறம் அந்தச் சரக்கு கீழே இறங்கி க்யூரிங் ஆலைக்குப் போகிறது. தோல் நீக்கி, சல்லடையில் அளவு பிரித்து, பிளான்டேஷன் ஏ, பி, பீபெரி என்று தரம் கட்டுகிறார்கள். அந்தத் தரப் பேரில் மலையின் பேர் இல்லை. கடைக்காரர் வாங்குவது தரத்தை. வாடிக்கையாளருக்குத் தெரிந்த ஊர்ப் பேரைச் சொல்லி விற்கிறார். சேலத்தில் நீங்கள் குடிக்கிற டம்ளரில் ஏற்காட்டுக் கொட்டை இருக்க வாய்ப்பு நிறைய. அது அங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் யாராலும் முடியாது.

இதில் பழைய சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1942 காபிச் சட்டத்தின் கீழ் நாட்டில் விளைந்த காபி முழுவதையும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் கொடுக்க வேண்டும். வாரியம் தரம் பார்த்துப் புள்ளி போடும், விற்றுவிட்டுத் தவணை தவணையாகப் பணம் தரும். போர்க்காலத்தில் ஏற்றுமதி நின்று விலை விழுந்தபோது வந்த ஏற்பாடு இது. அந்த நாளில் விவசாயியைக் காப்பாற்றியது, மறுக்கவே முடியாது. ஆனால் 50 வருஷம் எல்லாச் சரக்கும் ஒரே தொட்டியில் விழுந்ததில், என் தோட்டத்துக் காபி என்று சொல்லி விற்கும் பழக்கமே அற்றுப்போனது. 1992க்குப் பிறகு படிப்படியாகத் தளர்த்தி, 1996இல் முழுவதையும் வெளியில் விற்கலாம் என்றார்கள். கர்நாடகத்தில் பரப்பும் பெரிது, சங்கங்களும் பலம்; பேரை உருவாக்கிக்கொண்டார்கள். சேர்வராயனில் காபிப் பரப்பே சுமார் 5,000 ஹெக்டேர். நாட்டின் மொத்த விளைச்சலில் எழுபது சதவீதம் கர்நாடகம். தமிழ்நாடு முழுவதும் சேர்ந்தே ஐந்தாறு சதவீதம்தான்.

பரப்பு சின்னது, அதனால் பேர் வராது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். நம்முடைய அதே கிழக்குத் தொடர்ச்சி மலை. அங்கேயும் பழங்குடி மக்கள், அங்கேயும் ஆளுக்கு ஒன்றிரண்டு ஏக்கர். ஏற்காட்டு உயரம்கூட அங்கே பெரும்பாலான தோட்டங்களுக்கு இல்லை. ஆனால் அவர்களைக் கூட்டுறவாகச் சேர்த்து, பழுத்த பழத்துக்கு மட்டும் கூடுதல் விலை என்று நிர்ணயித்து, ஊர் ஊராக வாங்கி ஒரே இடத்தில் பதப்படுத்தினார்கள். 2017இல் பாரிஸில் அரக்கு என்ற பேரிலேயே கடை திறந்தது. 2019இல் குடகு, வயநாடு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி காபிகளோடு அரக்குக் காபிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலத்து ஜவ்வரிசிக்கு 2023இல் அந்தக் குறியீடு வந்துவிட்டது. 200 வருஷக் காபி அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அரக்கில் மாறியது மண்ணோ மழையோ இல்லை, பழத்தை வாங்குகிற முறை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, மிஞ்சுகிறதா என்பது. காபி விலை நம் கையில் இல்லை. நியூயார்க் சந்தையில் அராபிகா 2001 கடைசியில் ஒரு பவுண்டு எடைக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. பறிப்புக் கூலிக்கே கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்ட தோட்டங்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் பிரேசில் வறட்சியால் அதே ஒரு பவுண்டு நாலு டாலரைத் தாண்டியது. விலை ஏறியதும் காபி பொன் காய்ச்சி மரம் என்று நினைத்து நிலம் தேடுகிறவர்கள் வருகிறார்கள். 24 வருஷத்தில் எட்டு மடங்கு ஆடுகிற விலையை நம்பிக் கடன் வாங்கி நிலம் வாங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

இந்த ஆட்டத்தில் மலையைத் தாங்கிப் பிடிப்பது மிளகு. காபிக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்கள். காபி காலை வாரின வருஷத்தில் மிளகு வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும். முன்பு அந்த இடத்தில் கமலா ஆரஞ்சு இருந்தது. ஏற்காட்டு ஆரஞ்சு என்றால் சேலம் கடைவீதியில் தனி மவுசு. நோய் வந்து மரங்கள் பட்டுப்போய், இன்று பெரியவர்கள் பேச்சில்தான் பெரும்பாலும் இருக்கிறது. இப்போது பலர் பட்டர் ஃப்ரூட் வைக்கிறார்கள்.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. அராபிகாவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அந்த வண்டு வெயில் படுகிற தண்டைத் தேடித்தான் பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு உள்ளே புகுந்து மாதக்கணக்கில் தண்டைக் குடையும். வெளியே பார்த்தால் தண்டில் வரி வரியாக மேடு, இலையில் லேசான மஞ்சள், அவ்வளவுதான். ஒடித்துப் பார்த்தால் உள்ளே மாவு அடைத்த குகை. அந்தச் செடிக்கு மருந்து கிடையாது. வண்டு வெளியே பறக்கிற சித்திரைக்கும் ஐப்பசிக்கும் முன்னால் பிடுங்கி எரிக்க வேண்டும். மற்ற செடிகளின் தண்டைத் தேங்காய் நார்க் கையுறையால் தேய்த்து, பட்டையை வழவழப்பாக்கிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இதையெல்லாம் விடப் பெரிய காவல் நல்ல நிழல். பலா, நாவல், சந்தன வேம்பு என்று பல உயரத்தில் நின்ற நாட்டு மரங்களை வெட்டி, சீக்கிரம் வளர்கிறது, விற்றால் காசு என்று சில்வர் ஓக் மட்டுமே வைத்த தோட்டங்களில், அந்த மரத்தையும் ஒரே தடவையில் வெட்டி விற்ற பிறகு துளைப்பான் புகுந்து காபியே காலியானதைப் பார்த்திருக்கிறேன். காபி போனால் நிலம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் நிலத்துக்குக் காட்டேஜ் கட்ட வருகிறவர் கொடுக்கும் விலை, காபி பல வருஷம் கொடுத்தாலும் வராது. அங்கே கான்கிரீட் ஏறினால் திருமணிமுத்தாற்றுக்கு இறங்க வேண்டிய தண்ணீர் மண்ணுக்குள் போகாமல் ரோட்டில் ஓடுகிறது.

ஆள் பிரச்சினையும் உண்டு. மலைப் பிள்ளைகள் படித்துச் சேலத்துக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள்; போகட்டும், நல்லதுதான். பறிப்புக்கு வடமாநிலத்துக் குடும்பங்கள் வருகிறார்கள். போதாததற்குக் காட்டுமாடு இறங்கிச் செடியை மிதிக்கிறது.

என்ன செய்யலாம் என்றால், என் அபிப்பிராயத்தில் முதல் வேலை மலைமேல் நாலைந்து ஊருக்கு ஒரு பொதுப் பல்பர், தொட்டி, களம். கூட்டுறவு வழியாகப் பழுத்த பழத்துக்கு ஒரு விலை, உருவின பழத்துக்கு ஒரு விலை. வடகிழக்கு மழைக்குத் தப்ப பாலித்தீன் கூரை போட்ட உலர் களம். இது ஒன்றும் கோடிக்கணக்கில் செலவாகும் வேலை இல்லை. பதப்படுத்தின சரக்கு ஊர்ப் பேரோடு மூட்டையில் ஏறினால், குறியீட்டுக்கு விண்ணப்பம் போடுவது அதற்கடுத்த காகித வேலை.

உங்களால் ஆவது ஒன்றும் சொல்கிறேன். மாசி பங்குனியில் ஏற்காடு போகும்போது, பாக்கெட்டில் ‘ஏற்காடு காபி’ என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சிக்கரி கலந்திருந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம், 49 சதவீதம் வரை கலக்கவும் அனுமதி உண்டு. அந்த எண்ணைப் படியுங்கள். அதைவிட, சொந்தமாகப் பதப்படுத்தும் தோட்டத்தில் நேரடியாகப் பச்சைக் கொட்டையாக ஒரு கிலோ கேளுங்கள். எந்த ஊர்ப் பழம், பார்ச்மென்ட்டா செர்ரியா, இந்த வருஷத்துப் பறிப்பா என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், தெரிந்தவர் மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார். சேலத்தில் வறுத்துத் தரும் கடையில் கொடுத்தால் 800 கிராமுக்கு மேல் தேறும். ரொம்பக் கறுக்க விடாமல் வறுக்கச் சொல்லி, முதல் கால் கிலோவையாவது சிக்கரி சேர்க்காமல் அரைத்து வாங்குங்கள். பால் குறைத்து, டிகாக்‌ஷன் கூட்டிக் குடித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்த வருஷம் அதே தோட்டத்துக்குப் பறிப்புக்கு முன்னாலேயே போன் போட்டுச் சொல்லி வையுங்கள்.